டீசல் பிக்கப்பில் கை வைக்கத் தெரிந்த டீலர் மெக்கானிக்கை எப்படித் தேடுறது?

பழனி_எஃப்250
2022 ஃபோர்டு எஃப்-250 பிக்கப், 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், 78,000 மைல். டல்லாஸுக்கு வடக்கே இருக்கேன். வாரத்துல பாதி நாள் பின்னாடி 9,000 பவுண்டு டிரெய்லர். இப்போ ஆயில், ரெண்டு டீசல் ஃபில்டர் மாத்தணும். ரீஜென் (புகை ஃபில்டர்ல சேர்ற கரியை வண்டி தானே எரிச்சுத் தீர்க்கிறது) முன்னைவிட அடிக்கடி வருது, அதையும் பாக்கணும். சுத்துவட்டாரத்துல மூணு டீலர்ஷிப் இருக்கு. மூணு பேரும் போன்ல சொல்றது ஒண்ணுதான்: "எங்க டெக்னீஷியன் எல்லாரும் சர்டிஃபைடு." சர்டிஃபைடுன்னா எதுல? யார்கிட்ட வண்டியைக் கொடுக்கணும்னு எதை வெச்சு முடிவு பண்றது? வாரண்டி இன்னும் இருக்கு, அதனால வெளியே போகவும் யோசனையா இருக்கு.

ரென்ச்சு_மாமா
தம்பி, டீலர்ஷிப்பைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. பெரிய பெரிய ஷோரூம்லகூட டீசல் பாக்கிறவர் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க. மத்தவங்க பிரேக், சஸ்பென்ஷன், பெட்ரோல் வண்டி. அந்த ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டா, மறுநாளே அந்த டீலர்ஷிப் டீசலுக்கு ஆகாத இடமாயிடும். போர்டு அதேதான் தொங்கும்.

"சர்டிஃபைடு"ங்கிறதைப் பிரிச்சுக் கேளுங்க. ஃபோர்டுல ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனி பயிற்சி: பிரேக், ஏசி, டிரான்ஸ்மிஷன், டீசல் எஞ்சின் எல்லாம் வேற வேற. டீசல் பகுதி முடிக்காத ஒருத்தரும் "ஃபோர்டு சர்டிஃபைடு"ன்னு சட்டையில பேட்ஜ் குத்திக்கலாம், அது பொய்யும் இல்ல. எல்லாப் பகுதியும் முடிச்சவர் சீனியர் மாஸ்டர். செவர்லே, ஜிஎம்சி வண்டி விக்கிற ஜிஎம்ல அதுக்குச் சமமான உச்சப் பட்டம் வேர்ல்டு கிளாஸ் டெக்னீஷியன். கம்பெனி சாராத ஏஎஸ்இ தேர்வுல பாக்க வேண்டியது ஏ9, அதாவது இலகு ரக டீசல் எஞ்சின். கனரக வண்டிக்கு டி2. எலக்ட்ரானிக் டீசல் கோளாறு கண்டுபிடிக்கிறதுக்கு எல்2. ஏஎஸ்இ சான்றிதழ் 5 வருஷம்தான் செல்லும், அதனால சுவத்துல மாட்டியிருக்கிற தேதியையும் ஒரு பார்வை பாருங்க.

சர்வீஸ்_டெஸ்க்
கவுன்டருக்கு உள்பக்கம் நடக்கிறதைச் சொல்றேன், அப்போதான் ஏன் நல்ல ஆள் கிடைக்கிறதில்லைன்னு புரியும்.

டீலர்ஷிப்பில் பெரும்பாலான மெக்கானிக்குக்கு மணிக்கூலி கிடையாது, பிளாட் ரேட். ஒரு வேலைக்குப் புத்தகத்துல இத்தனை மணின்னு போட்டிருக்கும், அவ்வளவுதான் சம்பளம். கஸ்டமர் காசு கொடுக்கிற வேலைக்கு ஒரு புத்தகம், வாரண்டி வேலைக்குக் கம்பெனி போடுற நேரம் வேற, அது பெரும்பாலும் கம்மி. வாரண்டி நேரம் 10 மணின்னு இருந்து கேபை, அதாவது டிரைவர் உக்கார்ற கூண்டைத் தூக்கி இறக்க 14 மணி ஆச்சுன்னா, அந்த 4 மணி அவர் சும்மா உழைச்சது. அதே நேரத்துல பக்கத்து பே (வண்டி நிறுத்தி வேலை பாக்கிற இடம்) ஆளு பிரேக் பேடு மாத்தி 20 மணி எழுதியிருப்பார். இதனாலதான் திறமையான டீசல் ஆளுங்க ஃப்ளீட்டுக்கோ (நிறைய வண்டி ஓட்டுற கம்பெனி), சொந்த ஷாப்புக்கோ கிளம்பிடுறாங்க.

அதனால கேள்வியை இப்படி வைங்க: "உங்க டீசல் டெக்னீஷியனுக்கு டயக்னாஸிஸ் நேரம் தனியா கொடுக்கிறீங்களா?" இந்தக் கேள்விக்கு மேனேஜர் முகம் சுளிச்சா, அங்க கோளாறைக் கண்டுபிடிக்காம பார்ட்ஸை மாத்தி மாத்திப் பாப்பாங்கன்னு அர்த்தம். நோக்ஸ் சென்சார் (புகையில நைட்ரஜன் ஆக்சைடு அளக்கிறது), இஜிடி சென்சார் (புகையோட வெப்பம் அளக்கிறது), அப்புறம் டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்)னு வரிசையா போகும், பில்லும் கூடவே போகும்.

இன்னொண்ணு: அப்பாயின்ட்மென்ட் போடும்போது "டீசல் டெக்னீஷியன் இருக்கிற நாள்"னு கேட்டு வாங்குங்க. சும்மா "செவ்வாய் காலை 8"ன்னு போட்டா வண்டி யார் கைக்குப் போகும்னு அன்னிக்கு டிஸ்பாட்சருக்குத்தான் தெரியும்.

பழனி_எஃப்250
நன்றி சார். ஆயிலும் ஃபில்டரும் மட்டும்னா குயிக் லேன்ல (டீலரோட சீக்கிர சர்வீஸ் பிரிவு) கொடுத்தா போதாதா? அரை மணியில முடிச்சுத் தர்றேங்கிறாங்க.

ரென்ச்சு_மாமா
ஆயில் வேணா கொடுக்கலாம், பக்கத்துல நின்னு பாக்க முடிஞ்சா. 6.7க்கு 13 குவார்ட் ஆயில், ஃபில்டர் எஃப்எல்-2051எஸ், ஆயில் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி171-எஃப்1 தரம். நீங்க எடை இழுக்கிறீங்க, டெக்சாஸ் வெயில் வேற, அதனால 10டபிள்யூ-30 வேண்டாம், 5டபிள்யூ-40 ஊத்தச் சொல்லுங்க. பில்லுல தரக் குறியீடு எழுதி வாங்குங்க. "டீசல் ஆயில்"னு பொத்தாம்பொதுவா எழுதினா நாளைக்கு வாரண்டி கிளெய்ம்ல அந்தப் பேப்பர் உதவாது.

டீசல் ஃபில்டரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கத்துக்குட்டி கையில கொடுக்காதீங்க. காரணம் சிபி4 பம்ப். பாஷ் கம்பெனியோட இந்த உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. உள்ளே கேம் மேல உருளுற ரோலர் டேப்பெட் ஒண்ணு இருக்கு. காத்தோ தண்ணியோ போய் மசகு குறைஞ்சா அந்த டேப்பெட் தன் இடத்துலயே திரும்பிக்கும்; உருள வேண்டியது கேமை உரச ஆரம்பிக்கும். இரும்புத் தூள் ஃபியூயல் ரெயில் (இன்ஜெக்டருக்கு டீசல் பிரிக்கிற குழாய்), 8 இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் வழியா டேங்க் வரைக்கும் போயிடும். அதுக்கப்புறம் பம்பை மட்டும் மாத்தறது வீண்; முழு ஃபியூயல் சிஸ்டமும் மாத்தணும். பில் 10,000 டாலரைத் தாண்டும்.

ஃபில்டர் மாத்துற முறை:
எஃப்டி-4625 செட்டுல ரெண்டு ஃபில்டர் வரும். ஒண்ணு சட்டத்து ரெயில்ல, ஒண்ணு எஞ்சின் மேல. முதல்ல கீழ் யூனிட்டோட டிரெயின் வால்வைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில பிடிக்கணும். ஜாடி அடியில தண்ணி பிரிஞ்சு நிக்குதா, மினுமினுன்னு தூள் இருக்கான்னு வெளிச்சத்துல பாக்கணும். மேல் ஃபில்டர் லைனைக் கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தியும் துடைக்கணும், ஏன்னா அதைத் தாண்டி விழுற அழுக்கைத் தடுக்க வேற ஃபில்டர் கிடையாது. மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சாவியை ஆன்ல 30 நொடி வெச்சு ஆஃப் பண்ணணும். இப்படி வரிசையா 6 தடவை. டேங்க் பக்கத்து எலக்ட்ரிக் பம்ப் காத்தைத் தள்ளி முடிக்க அந்த நேரம் வேணும்; இதுதான் பிரைம் பண்றது. இதைச் செய்யாம கிராங்க் அடிச்சா சிபி4 வறண்டு ஓடும். அன்னிக்கே சாகாது, சில ஆயிரம் மைல் கழிச்சு சாகும், அப்போ யாரையும் பிடிக்க முடியாது.

ஆக, போன்ல கேக்க வேண்டிய கேள்வி: "ஃபில்டர் மாத்தினதும் எப்படி பிரைம் பண்ணுவீங்க?" பதில் உடனே வந்தா ஆள் சரி. "ஸ்டார்ட் பண்ணா தானா இழுத்துக்கும்"னு வந்தா நன்றி சொல்லி வெச்சுடுங்க.

கம்மின்ஸ்_குமரன்
ரேம் பிக்கப் வெச்சிருக்கிறவங்களுக்காக ஒரு குறிப்பு. 2019, 2020 மாடல் 6.7 கம்மின்ஸ் டீசல் எஞ்சின்லயும் சிபி4 தான் வந்துச்சு. 2021 கடைசியில ரீகால் விட்டாங்க, பழைய சிபி3 பம்பை மாட்டிக் கொடுக்கிறாங்க. பழைய ரேம் வாங்கறவங்க விஐஎன் (வண்டி அடையாள) எண்ணை தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தளத்துல போட்டு, அந்த ரீகால் முடிஞ்சதான்னு பாத்துட்டு வாங்குங்க.

ரேம் மெக்கானிக்கைச் சோதிக்க என்கிட்ட ஒரே கேள்விதான்: "கிரிட் ஹீட்டர் போல்ட் பாத்திருக்கீங்களா?" இன்டேக்ல இருக்கிற அந்த ஹீட்டரோட நட்டும் போல்டும் சூட்டுல தளர்ந்து உடைஞ்சா நேரா 6-ஆம் சிலிண்டர்ல விழும். பிஸ்டன் போச்சு. கம்மின்ஸ் திறந்து பாத்தவருக்கு இது தெரியாம இருக்காது.

அடுத்தது வால்வ் லாஷ், அதாவது வால்வ் இடைவெளி. 2018 வரைக்கும் உள்ள 6.7ல 150,000 மைலுக்கு ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணணும், இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.026. 2019லேர்ந்து ஹைட்ராலிக் லிஃப்டர், அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. 2020 வண்டிக்கு லாஷ் அட்ஜஸ்ட் பண்ணணும்னு எஸ்டிமேட் போடுற டீலர் இருந்தா ஓடிடுங்க.

டியூராமேக்ஸ்_ராஜி
ஜிஎம் பக்கம் ரெண்டு விஷயம்.

6.6 டியூராமேக்ஸ் எல்5பி (2017 முதல்) சிபி4-ஐ விட்டுட்டு டென்ஸோ பம்புக்கு மாறிடுச்சு. அதுக்கு முந்தைய எல்எம்எல் (2011–2016) சிபி4 தான், போதாக்குறைக்கு டேங்க்ல லிஃப்ட் பம்பும் (டீசலை முன்னாடி தள்ளிவிடுற பம்ப்) கிடையாது. பழசு வெச்சிருக்கிறவங்க ஃபில்டர் விஷயத்துல மாமா சொன்னதை அப்படியே எடுத்துக்கலாம். பிரைம் பண்றது மட்டும் ஃபில்டர் தலையில இருக்கிற கை பம்ப்ல, கெட்டியாகிற வரைக்கும் அமுக்கணும்.

அரை டன் சில்வராடோல வர்ற 3.0 இன்லைன் ஆறு சிலிண்டர் வேற ஜாதி. அதுக்கு டெக்சோஸ்-டி தர 0டபிள்யூ-20 ஆயில், 7 குவார்ட். "டீசல்"ங்கிற எழுத்தைப் பாத்ததும் 15டபிள்யூ-40 டிரம்மைத் திறக்கிற ஆயில் மாத்துற கடை நிறைய உண்டு. முதல்ல வந்த எல்எம்2 எஞ்சின்ல ஆயில் பம்பை ஓட்ட எஞ்சின் பின்பக்கம் ஒரு பெல்ட் இருக்கு. 150,000 மைல்ல மாத்தணும், அதுக்கு டிரான்ஸ்மிஷனை இறக்கணும். இந்த பெல்ட் விஷயம் சர்வீஸ் அட்வைசருக்கே புதுசா இருந்தா அவர் டீசல் வேலையே எடுக்கிறதில்லைன்னு தெரிஞ்சுக்கலாம்.

டிரெய்லர்_தாத்தா
இடம் தேர்வு பத்தி யாரும் பேசலையே. டல்லாஸ் புறநகர்ல டீலர் விக்கிறது எக்ஸ்ப்ளோரரும் பிரான்கோவும். அங்க டீசல் எப்பவாவது வரும். மேற்கே எண்ணெய் வயல் பக்கம், மிட்லண்ட், ஒடெஸா மாதிரி ஊரு, இல்ல மாட்டுப் பண்ணை இருக்கிற கவுண்டி டீலர்கிட்ட தினமும் டீசல்தான். அவ்வளவு தூரம் போக முடியாது, சரி. ஆனா உங்க ஊர்லேயே ஃபோர்டு ப்ரோ எலைட் வணிக வாகன மையம்னு பேர் வாங்கின டீலர் இருந்தா முதல்ல அங்க போங்க. ஜிஎம்ல பிசினஸ் எலைட், ரேம்ல வணிக வாகனத்துக்குன்னு தனிப் பிரிவு. பிளம்பர், கரண்ட் கம்பெனி, ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கதான் வரும். ஒரு நாள் வண்டி நின்னா வருமானம் போகிற கூட்டத்துக்கு வேலை செஞ்சு பழகின கை அது.

போய் சேர்ந்ததும் பின்பக்கம் போய் ரெண்டு நிமிஷம் பாருங்க. வண்டி தூக்குற லிஃப்ட் தூண்ல, அது தாங்குற எடை எழுதியிருக்கும். 10,000 பவுண்டு லிஃப்ட் மட்டும் இருந்தா டூல் பாக்ஸ் ஏத்தின எஃப்-350க்கு அது பத்தாம போகலாம். 15,000 பவுண்டு லிஃப்ட் குறைஞ்சது ரெண்டு இருக்கணும். கேபைச் சட்டத்துலேர்ந்து தூக்கி வெச்ச வண்டி ஒண்ணாவது கண்ணுல பட்டா நல்ல அறிகுறி. 6.7ல ஹெட் வேலை, மேல் ஆயில் பேன் கசிவு மாதிரி வேலைக்கு கேப் தூக்கித்தான் பலரும் செய்வாங்க. அந்தப் பழக்கமே இல்லாத ஷாப், இடுக்குல கையை விட்டு போல்டைக் கழட்டும். திரும்ப மாட்டும்போது ஹீட்ஷீல்டு கிளிப்பு ரெண்டு மிச்சம் இருக்கும்.

சர்வீஸ்_டெஸ்க்
தாத்தா சொன்னதுல ஒரு திருத்தம்: வணிக மையம்னாலே டெக்னீஷியன் நல்லவர்னு இல்ல. லிஃப்டும் வேலை நேரமும் கிடைக்கும், அவ்வளவுதான். ஆளு யாருன்னு அங்கேயும் கேக்கணும்.

வேலை முடிஞ்சு கையில வர்ற ரிப்பேர் ஆர்டரைப் படிக்கக் கத்துக்குங்க. மூணு பகுதி இருக்கணும்: கஸ்டமர் சொன்ன குறை, கண்டுபிடிச்ச காரணம், செஞ்ச வேலை. நடுவுல இருக்கிற "காரணம்" தான் மெக்கானிக்கோட கையெழுத்து மாதிரி. "ரீஜென் அடிக்கடி. டிபிஎஃப் மாற்றப்பட்டது"ன்னு இருந்தா அங்க டயக்னாஸிஸே நடக்கலை. "சூட் (புகைக்கரி) அளவு இவ்வளவு, ரீஜென் இடைவெளி இத்தனை மைல், டிஃபரென்ஷியல் பிரஷர் சென்சார் ஹோஸ்ல விரிசல், எஞ்சின் நின்னிருக்கும்போதும் சென்சார் பூஜ்யம் காட்டலை"ன்னு இருந்தா அது வேலை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல டெக்னீஷியன் எண் இருக்கும். திருப்தின்னா அந்த எண்ணைக் குறிச்சு வெச்சுட்டு அடுத்த தடவை அதே ஆளைக் கேளுங்க. "அவர் லீவு"ன்னா அவர் வர்ற நாளுக்கு மாத்திப் போடுங்க.

பழனி_எஃப்250
என் வண்டி ரீஜென் விஷயத்துக்கு அவங்ககிட்ட என்ன கேக்கணும்? ரெண்டாவது, வெளியே நல்ல டீசல் ஷாப் ஒண்ணு இருக்கு. அங்க சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்னு ஒரு டீலர் சொல்றார்.

ரென்ச்சு_மாமா
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல: போகாது. 1975லயே வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, சர்வீஸை எங்ககிட்டதான் செய்யணும்னு வாரண்டியைக் கட்டிப்போட முடியாது. நீங்க வெச்சிருக்க வேண்டியது ரசீது: தேதி, மைல், ஆயில் தரக் குறியீடு, ஃபில்டர் பார்ட் நம்பர். ஃபோர்டு, ஜிஎம், ரேம் மூணு கம்பெனியும் 2022 மாடல் டீசல் எஞ்சினுக்கு 5 வருஷம் அல்லது 100,000 மைல் கொடுத்தாங்க. உங்களுக்கு மைல் முன்னாடி முடியுதா வருஷம் முன்னாடி முடியுதான்னு கணக்குப் போட்டுக்குங்க.

கவனிக்க வேண்டிய விதிவிலக்கு, கெட்ட டீசல். தண்ணியோ பெட்ரோலோ கலந்துச்சுன்னு சொன்னா வாரண்டி மறுக்கப்படும். அதனால டீசல் போட்ட ரசீதையும் வெச்சுக்குங்க. பம்ப் போச்சுன்னா டீலர்கிட்ட, "டீசல் மாதிரியை எனக்கு முன்னாடி எடுங்க, பாதியை எனக்குக் கொடுங்க"ன்னு கேளுங்க. அந்தப் பாதி இல்லாம வழக்கு நிக்கிறது கஷ்டம்.

எமிஷன் சிஸ்டத்தைக் கழட்டின வண்டி வேற கதை. அது கூட்டாட்சி தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம், எந்த டீலரும் தொட மாட்டான். எஞ்சின் மென்பொருளை (டியூன்) மாத்திட்டு பழையபடி ஏத்தினாலும் தெரிஞ்சிடும். டியூராமேக்ஸ் எஞ்சின் கிளெய்ம்னா ஜிஎம் கேலிப்ரேஷன் எண்ணோட படத்தைக் கேக்கும்.

ரீஜெனுக்கு நீங்க கேக்க வேண்டியது "டிபிஎஃப் மாத்துங்க" இல்ல. ஃபோர்டோட எஃப்டிஆர்எஸ் சோதனைக் கணினியை மாட்டி கடைசி ரீஜென்களுக்கு நடுவுல எத்தனை மைல்னு எடுத்துத் தரச் சொல்லுங்க. அப்புறம் வரிசை இது: டர்போ பூஸ்ட் பைப் கசிவு; பிரஷர் சென்சார் ஹோஸ்; நாலு இஜிடி சென்சாரும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரே மாதிரி காட்டுதா; பவர் பேலன்ஸ், ரிலேடிவ் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு இன்ஜெக்டர் கூடுதலா ஊத்தினாலே சூட் ஏறும். கடைசியிலதான் டிபிஎஃப். வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு (ஐடில்) ஏசி போட்டு உக்காந்திருக்கிற பழக்கம் இருந்தா அதையும் அட்வைசர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அதுவே பாதி காரணமா இருக்கலாம்.

டியூராமேக்ஸ்_ராஜி
மாமா சொன்ன வரிசைக்கு முன்னாடி, ரீஜென் பாதியில நிக்குதான்னு பாருங்க. ரீஜென் ஓடும்போது எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா, அடுத்த ஸ்டார்ட்டுக்கு அப்புறம் மறுபடி தொடங்கும். பாக்கிறவருக்கு "அடிக்கடி வருது"ன்னு தோணும். பாதியில நின்ன ரீஜென் டீசலை ஆயில்ல கலக்கவிடும். டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் மேல ஏறியிருந்தா அதுதான். அப்போ மைல் பாக்காம ஆயிலை மாத்திடுங்க.

கனடா_வேலு
ஆல்பர்ட்டாவிலேர்ந்து: இங்க டிஇஎஃப் (புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்க்ல ஊத்துற யூரியாக் கரைசல்) தொல்லை அதிகம். மைனஸ் 11 டிகிரியில உறையும். டேங்க் ஹீட்டர் போனா சென்சார் எரர் கோட் வரும், டீலர் நேரா டேங்கை மாத்தச் சொல்வார், பெரிய தொகை. நல்ல ஆள்னா முதல்ல ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பாப்பார். 32.5 சதவீதம் யூரியா இருக்கணும், 31.8க்கும் 33.2க்கும் நடுவுல இருந்தா சரி. வெயில்ல கிடந்த பழைய கேன்னா அளவு மாறியிருக்கும், டேங்கைக் காலி பண்ணி நல்லது ஊத்தினாலே சில எரர் கோட் போயிடும். டெக்சாஸ்காரங்களுக்கு உறையுற பயம் இல்ல, கெட்டுப்போற பயம்தான் ஜாஸ்தி. 30 டிகிரிக்குக் கீழ வெச்சாதான் ஒரு வருஷம் தாங்கும். டிரக் படுக்கையில ஜூலை மாசம் உருண்ட கேனை ஊத்தாதீங்க. கேன்ல ஏபிஐ முத்திரையும் தேதியும் பாத்து வாங்குங்க.

பழனி_எஃப்250
மூணு இடத்துக்கும் போன் போட்டேன். ரெண்டு பேர் பிரைமிங் கேள்விக்கே "அட்வைசர் திரும்பக் கூப்பிடுவார்"னாங்க. மூணாவது இடம் கொஞ்சம் தூரம், வணிக மையம். அங்க லைனை நேரா டெக்னீஷியனுக்கே மாத்தினாங்க. 30 நொடி, 6 தடவைன்னு அவரே சொன்னார், டிரெயின் பண்றதைக் கண்ணாடி ஜாடியில காட்டுறேன்னார். வியாழக்கிழமை போறேன். இஜிடி சென்சார் குளிர்ந்திருக்கும்போது பாக்கணும்னா முந்தின ராத்திரியே வண்டியை அங்க விடணுமா?

ரென்ச்சு_மாமா
ஆமா, ராத்திரியே விடுங்க. சாவிப் பெட்டி உறையில "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேன்"னு கொட்டை எழுத்துல எழுதிடுங்க, இல்லன்னா லாட் பையன் காலையில ஓட்டிக்கொண்டு போய் பேல நிறுத்திடுவான்.

சர்வீஸ்_டெஸ்க்
கூடவே, மாத்துற பழைய ஃபில்டர் ரெண்டையும் திருப்பிக் கேட்டு அதே உறையில எழுதுங்க. வேலை முடிஞ்சு கேட்டா குப்பைக்குப் போயிருக்கும். கீழ் ஃபில்டர் மடிப்புல வெள்ளித் தூள் தெரிஞ்சா, அன்னிக்கே பம்போட ஃபியூயல் கன்ட்ரோல் வால்வைக் கழட்டிப் பாக்கச் சொல்லி, வாரண்டி கிளெய்ம் திறக்காம வண்டியை எடுக்காதீங்க.